விற்பனைக்கு வந்த புன்னகை
அமெரிக்க விளம்பரத்திலும் தொலைக்காட்சியிலும் கறுப்பினத்தவர்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல்லாண்டுக் காலம் காலைப் பொழுது ஒரு புன்னகையோடு விடிந்தது. அது பற்பசைக் குழாயின் மேல் அச்சிடப்பட்ட புன்னகை. உயர்ந்த தொப்பி, கழுத்தில் வில்வடிவப் பட்டை, கரிய முகம், அம்முகத்தை ஊடறுத்துக் கொண்டு தோன்றும் வெண்பற்கள். ‘டார்க்கி’ என்பது அப்பற்பசையின் பெயர். அச்சொல் ஆங்கிலத்தில் கறுப்பினத்தவரை இழித்துரைக்க வழங்கிய சொல் என்பதை அறிந்து அதனை வாங்கியவர் மிகச் சிலரே. அறியாமலே அதனை வாங்கினர். அறியாமலே அம்முகத்தைப் பார்த்துப் பல் துலக்கினர். விளம்பரத்தின் ஆற்றல் அவ்வறியாமையிலேதான் அடங்கியுள்ளது.

இலக்கியத்தை ஆராயும் திறனாய்வாளன் பாத்திரப் படைப்பை நோக்குவான். அப்பாத்திரம் யாருடைய வாயிலாகப் பேசுகிறது, யாருக்காகப் பேசுகிறது என வினவுவான். விளம்பரமும் தொலைக்காட்சியும் இக்காலத்தின் பெருங்கதைகள் ஆதலின், அவற்றையும் அவ்வாறே வினவுதல் முறையாகும். அமெரிக்க நாட்டில் கறுப்பினத்தவர் எவ்வாறு காட்டப்பட்டனர் என்னும் வரலாறு அவ்வினாவிற்குத் தக்கதோர் உரைகல்.

மேடையில் பிறந்த முகம்

பற்பசைக் குழாயில் இருந்த முகம் உண்மையில் ஒரு கறுப்பருடைய முகமன்று. கரி பூசிய வெள்ளையர் முகத்தின் சாயல் அது. 1830ஆம் ஆண்டளவில் தாமஸ் ரைஸ் என்னும் வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, ‘ஜிம் குரோ’ என்னும் பாத்திரமாக மேடையேறி ஆடிப்பாடிப் புகழ் பெற்றார். அவரைப் பின்பற்றிப் பல குழுக்கள் தோன்றின. எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பி, உதடுகளைப் பெரிதாகத் தீட்டி, அடிமைகள் சோம்பேறிகள், அறிவற்றவர், ஆயினும் எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பவர் என்று அக்குழுக்கள் ஆடிக் காட்டின. ‘ஜிம் குரோ’ என்னும் அப்பாத்திரத்தின் பெயரே பின்னர்க் கறுப்பினத்தவரைப் பிரித்து ஒதுக்கிய சட்டங்களுக்கெல்லாம் பெயராயிற்று. ஒரு கேலிக்கூத்தின் பெயர் ஒரு கொடுங்கோன்மையின் பெயராக மாறியமை எண்ணத்தக்கது. ஓர் இனத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய சமுதாயம் அவ்வினத்தை ஒடுக்கவும் எளிதில் பழகிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இம்மேடையிலிருந்து அங்காடிக்கு வந்தவள் ‘ஆண்ட் ஜெமைமா’. 1889இல் மிசௌரி மாநிலத்தில் தோசை போன்றதொரு பணியாரத்திற்கான மாவினை விற்கத் தொடங்கிய இருவர், கரிபூசிக் கூத்தில் பாடப்பட்ட ஒரு பாடலின் பெயரையே தம் சரக்கிற்கு இட்டனர். பின்னர் அவ்வாணிகத்தை வாங்கியவர், உயிருள்ள ஒரு பெண்ணை அப்பெயரில் மக்கள் முன் நிறுத்த விரும்பினார். கென்டக்கியில் அடிமையாய்ப் பிறந்த நான்சி கிரீன் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1893ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில், தலையில் துணி கட்டி, அடுப்பின் முன் நின்று, பணியாரம் சுட்டுக் கொடுத்து, பண்ணைக் காலத்து ‘இன்ப’ நினைவுகளைக் கதையாகச் சொல்வது அவருக்கு இடப்பட்ட பணி. அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்து அப்போது முப்பது ஆண்டும் நிறையவில்லை. அடிமையாய் இருந்த ஒருவர் வாயாலேயே அடிமை வாழ்வு இனிதாயிருந்தது என்று சொல்லச் செய்த அவ்விளம்பரம், மாவை மட்டுமா விற்றது? ஒரு நாட்டின் குற்ற உணர்வுக்கு மருந்தினையும் சேர்த்து விற்றது.

நான்சி கிரீன் 1923இல் சிக்காகோவில் கார் விபத்தொன்றில் உயிர் நீத்தார். அவர் ஏற்ற பாத்திரத்தின் முகம் அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பல்லாயிரம் கடைகளின் அடுக்குகளில் புன்னகை புரிந்தது. அவர் புதைக்கப்பட்ட இடத்திலோ 2020ஆம் ஆண்டு வரை பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை. அதே ஆண்டில்தான், நாடெங்கும் எழுந்த நிறவெறி எதிர்ப்புக் கிளர்ச்சியின் நடுவே, அவ்வணிகப் பெயரைக் கைவிடுவதாக உரிமையாளர் அறிவித்தனர். 2021இல் அது மாற்றப்பட்டது. உருவத்திற்கு இடம் உண்டு. உரியவளுக்கு இடம் இல்லை. இவ்வரலாறு முழுவதையும் இவ்வொரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘ஆண்ட் ஜெமைமா’, ‘அங்கிள் பென்’ என்னும் இரண்டும் உறவுமுறைப் பெயர்கள். தமிழ்ச் சமுதாயத்தில் முன்பின் அறியாதாரையும் ‘மாமா’, ‘அத்தை’ என்று அழைப்பது மரியாதை. ஆகவே தமிழ் மாணவர்க்கு இப்பெயர்கள் அன்பின் அடையாளமாகவே தோன்றக்கூடும். அமெரிக்கத் தென்மாநிலங்களிலோ நிலை வேறு. ‘திரு’, ‘திருமதி’ என்னும் மதிப்பு அடைகளை முதிய கறுப்பினத்தவர்க்கு வழங்க மறுத்த வெள்ளையர், அவற்றுக்கு ஈடாகவே இவ்வுறவுப் பெயர்களைக் கையாண்டனர். இங்கே மதிப்பைக் கொடுக்கும் சொல், அங்கே மதிப்பை மறுக்கும் சொல். 1940களில் தோன்றிய ‘அங்கிள் பென்ஸ்’ அரிசியும் 2020இல் எழுந்த அக்கிளர்ச்சிக்குப் பின்னரே பெயர் மாறியது.

சவர்க்காரமும் சலவையும்

எத்தியோப்பியன் ஒருவனை விலைக்கு வாங்கியவன், அவனது கருநிறம் அழுக்கு என்று கருதி ஓயாது தேய்த்துக் கழுவியதாகவும், நிறம் மாறாததோடு அவன் நோயுற்றதாகவும் ஈசாப்பின் கதையொன்று கூறும். இயற்கையை மாற்ற இயலாது என்பது அக்கதையின் நீதி. ‘காக்கை குளித்தால் கொக்காகுமா?’ என்னும் தமிழ்ப் பழமொழியும் அதே நீதியைத்தான் கூறுகிறது. நீதி பழுதற்றதே, ஆனால் உவமை எதனை மறைமுகமாக ஏற்றுக்கொண்டுள்ளது என்று நோக்கினால், கருமையைக் கழுவ வேண்டியதொன்றாகவே அது கருதுவது புலப்படும்.

1880களில் பிரிட்டனின் பியர்ஸ் சவர்க்கார விளம்பரம் இக்கதையைத் தலைகீழாக்கியது. முதற்படத்தில் தொட்டியில் ஒரு கறுப்புக் குழந்தை. அருகே சவர்க்காரம் ஏந்திய வெள்ளைக் குழந்தை. அடுத்த படத்தில் அக்கறுப்புக் குழந்தையின் உடல் வெளுத்திருக்கிறது. நீரில் மூழ்காத முகம் மட்டுமே கருமையாய் எஞ்சியிருக்கிறது. கதையில் தோற்ற முயற்சி விளம்பரத்தில் வென்றுவிடுகிறது. பேரரசின் காலத்தில் இப்படம் பிறந்ததும் தற்செயலன்று. கருமை அழுக்கு, வெண்மை தூய்மை, தூய்மை செய்பவன் வெள்ளையன் என்னும் மூன்று கருத்துகளும் ஒரு கட்டிச் சவர்க்காரத்தின் விலைக்குள் அடக்கி விற்கப்பட்டன.

இது பழங்கதை என்று ஒதுக்குவார் உளர். 2016இல் சீனாவில் ஒளிபரப்பான சலவைப் பொருள் விளம்பரமொன்றில், ஒரு பெண் கறுப்பின இளைஞன் ஒருவனைச் சலவைப் பொறிக்குள் தள்ளி மூடுகிறாள்; பொறி நின்றதும் வெளுத்த நிறமுடைய சீன இளைஞன் ஒருவன் வெளிவருகிறான். உலகெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. 2017இல் டவ் நிறுவனம் வெளியிட்ட குறும்படமொன்றில், கறுப்பினப் பெண் ஒருத்தி தன் மேற்சட்டையைக் கழற்றுகையில் அவளிடத்தில் வெள்ளைப் பெண் ஒருத்தி தோன்றுகிறாள். அவளிடத்தில் பிறகு வேறொரு பெண் தோன்றுகிறாள். எல்லாப் பெண்டிரையும் போற்றுவதே நோக்கம் என்று நிறுவனம் கூறியது, மன்னிப்பும் கேட்டது. அதில் நடித்த கறுப்பினப் பெண்ணோ, தம்மை ஏமாந்தவராகக் கருதவேண்டா என்று எழுதினார். அவர் சொல்லை மதித்தல் வேண்டும். எனினும் ஒரு படைப்பின் பொருள் படைத்தவன் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பது திறனாய்வின் அரிச்சுவடி. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சவர்க்கார விளம்பரத்தில் கருமை கழுவப்பட்டு வந்துள்ளது. அந்நினைவைச் சுமந்த கண்கள் அப்படத்தை வேறு எவ்வாறு படித்திருக்கும்?

எள்ளல் என்னும் சுவை

நகை பிறக்கும் களங்கள் நான்கு என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கும்: பிறரை இகழும் எள்ளல், குழந்தைத் தன்மையாகிய இளமை, அறியாமையாகிய பேதைமை, கேட்டதை ஆராயாது ஏற்கும் மடம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க கால நகைச்சுவையை இந்நான்கு களங்களில் வைத்து ஆராய்ந்தால் ஓர் உண்மை வெளிப்படும். நான்கும் அங்கு ஓரினத்தின் மேலேயே ஏற்றப்பட்டன. முதிர்ந்த ஆடவர் சிறுபிள்ளைகள் போல் நடத்தப்பட்டனர். சூழ்ச்சி செய்வோர் அறிவிலிகளாகவும், சூழ்ச்சியில் சிக்குவோர் அவரினும் அறிவிலிகளாகவும் காட்டப்பட்டனர்.

‘ஏமோஸ் அண்ட் ஆண்டி’ என்னும் தொடர் 1928இல் வானொலியில் தொடங்கியது. அதனைப் படைத்துப் பேசிய இருவரும் வெள்ளையர். கறுப்பினத்தாரின் பேச்சு வழக்கை நையாண்டி செய்தே நாட்டின் பெரும்புகழைப் பெற்றனர். 1951இல் அது சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்கள் நடித்தனர். ஆயினும் வெள்ளையர் வரைந்து வைத்த அச்சுக்குள்ளேயே அவர்கள் தம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கரி மறைந்தது, கரிபூசிய கூத்து மறையவில்லை. கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1953இல் புதிய நிகழ்ச்சிகள் நின்றன. ஆனால் எடுத்து முடித்தவை மறு ஒளிபரப்பாக 1966 வரை உலவின.

அதே காலத்தில் ஏ.பி.சி.யில் ‘பியூலா’ வந்தது. வெள்ளையர் இல்லத்துப் பணிப்பெண்ணே கதைத்தலைவி. தலைமைப் பாத்திரம் கறுப்பினப் பெண்ணுக்கு என்பது பெருமையே. ஆயினும் அத்தலைவியின் அறிவு, அன்பு, பொழுது யாவும் அவ்வீட்டாரின் சிக்கல்களைத் தீர்ப்பதற்கே செலவாயின. வீட்டாரை நீக்கிவிட்டால் அவளுக்கென ஒரு வாழ்வு கதையில் எஞ்சுவது அரிது.

அப்பாத்திரத்தைச் சிறிது காலம் ஏற்று நடித்தவருள் ஒருவர் ஹாட்டி மெக்டேனியல். 1940இல் ஆஸ்கார் விருது பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர். பணிப்பெண்ணாக நடிப்பதற்காகத் தம் இனத்தாராலேயே குறைகூறப்பட்ட அவர், பணிப்பெண்ணாக உழைத்துப் பெறும் கூலியைவிட அவளாக நடித்துப் பெறும் ஊதியம் மேலானது என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். இவ்விடையை எளிதில் இகழ்தல் அறமன்று. கதவு ஒன்றே திறந்திருக்கும் வீட்டில், அக்கதவின் வழி நுழைந்தவரைக் குறை சொல்வதைவிட, ஏனைய கதவுகளை அடைத்தவரை வினவுவதே முறை.

பொருள் தருவோரின் அச்சம்

அக்கதவுகளை அடைத்தவர் யார்? அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரதாரர் தரும் பொருளால் இயங்குவது. எனவே கலையின் எல்லையை வரையறுத்தவர் கலைஞர் அல்லர், சரக்கு விற்போரே. தென்மாநிலத்து வெள்ளை வாடிக்கையாளர் முகம் சுளிப்பரோ என்னும் அச்சம் அவர்களை ஆட்டிப்படைத்தது.

இன்னிசைப் பாடகர் நேட் கிங் கோல் 1956 ஏப்ரலில், தாம் பிறந்த அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகர மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே வெள்ளை வெறியரால் தாக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் என்.பி.சி. அவர் பெயரால் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. கோமாளியாக அல்லாமல், பணிப்பெண்ணின் சமையலறையில் அல்லாமல், நேர்த்தியான உடையில் நின்று பாடும் ஒரு கறுப்பினக் கலைஞரை நாடு கண்டது. புகழ்பெற்ற பாடகர் பலர் அவருக்காக மிகக் குறைந்த ஊதியத்திற்கு வந்து பாடினர். எனினும் நாடளாவிய விளம்பரதாரர் ஒருவரும் முன்வரவில்லை. 1957 டிசம்பரில் நிகழ்ச்சி நின்றது. விளம்பர உலகம் இருட்டைக் கண்டு அஞ்சுகிறது என்னும் பொருள்பட அவர் கசப்போடு கூறியதாகச் சொல்வர். கறுப்பர் சிரிக்கவைத்தால் விளம்பரம் உண்டு; மதிப்போடு நின்றால் இல்லை. அறுபது ஆண்டுக்கு மேலாக ஜெமைமாவின் முகத்தால் மா விற்ற அதே வாணிக உலகம், கோலின் முகத்திற்கு அருகே தன் சரக்கை வைக்கத் துணியவில்லை.

1968இல் நிகழ்ந்த ஒரு சிறு செயலும் இங்கு நினைக்கத்தக்கது. ஆங்கிலப் பாடகி பெட்டுலா கிளார்க், தம் சிறப்பு நிகழ்ச்சியில் ஹாரி பெலபாண்டேயோடு போர் எதிர்ப்புப் பாடலொன்றைப் பாடுகையில், உணர்ச்சி மேலீட்டால் அவருடைய கையைத் தொட்டார். நிகழ்ச்சிக்குப் பொருள் தந்த கார் நிறுவனத்தின் அலுவலர் அதனை ஒளிபரப்பலாகாது என்றார். பாடகி இணங்கவில்லை; கை படாத ஏனைய பதிவுகளை அழிக்கச் செய்து, அக்காட்சியையே வெளியிட வைத்தார். மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் நாள் கொல்லப்பட்டார். ஏப்ரல் 8ஆம் நாள் அந்நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. தொட்டால் தீட்டு என்னும் கொடுமையின் வரலாறு அறிந்த சமுதாயத்திற்கு இச்செய்தியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

உயர்ந்த படிமங்களும் அவற்றின் எல்லையும்

அறுபதுகளின் இறுதியில் காற்று மாறியது. 1968 செப்டம்பரில் தொடங்கிய ‘ஜூலியா’வில் டயான் கேரல் செவிலியாகத் தோன்றினார், வியட்நாம் போரில் கணவனை இழந்து மகனை வளர்க்கும் தாய். பணிப்பெண் அச்சு உடைந்தது. ஆயினும் நகரங்கள் எரிந்துகொண்டிருந்த அவ்வாண்டில், அழகிய குடியிருப்பில் கவலையின்றி வாழும் அத்தாயைக் கண்டு, இவள் எந்த நாட்டவள் என்று கேட்டவர் உண்டு. அதே ஆண்டில் அரசு அமைத்த கெர்னர் ஆணையம், செய்தித்துறை உலகை வெள்ளையர் கண்களாலேயே காண்கிறது என்று குற்றம் சாட்டியிருந்தது. இழிந்த பொய்க்கு மாற்றாக இனிய பொய்யை வைத்தால் போதுமா என்னும் வினா அன்றே எழுந்தது.

1974இல் தொடங்கிய ‘குட் டைம்ஸ்’ ஏழைக் குடும்பத்தைக் காட்ட முன்வந்தது. தாயாக நடித்த எஸ்தர் ரோல், குடும்பத்தில் தந்தை ஒருவர் இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்தினார். கறுப்பினக் குடும்பம் என்றாலே தந்தையற்ற குடும்பம் என்னும் எண்ணத்தை முறியடிப்பதே அவர் கருத்து. ஆனால் மூத்த மகனின் கோமாளித்தனத்திற்கு மக்கள் சிரித்தனர். சிரிப்பு மிகுந்த இடத்தில் எழுத்து மிகுந்தது. தந்தையும் தாயும் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். தந்தையாக நடித்த ஜான் ஏமோஸ் எழுத்தாளரோடு முரண்பட்டு 1976இல் விலக்கப்பட்டார். கதையில் தந்தை விபத்தில் இறந்ததாகக் காட்டப்பட்டது. எந்தப் பொய்யை முறியடிக்க அக்குடும்பம் படைக்கப்பட்டதோ, அந்தப் பொய்யிலேயே அது வந்து சேர்ந்தது. நடிப்பவன் கறுப்பனாயினும் எழுதுகோல் யார் கையில் என்பதே முடிவைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதுவே சான்று.

1977 ஜனவரியில் அலெக்ஸ் ஹேலியின் நூலைத் தழுவி எட்டு இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பான ‘ரூட்ஸ்’ ஒரு திருப்புமுனை. ஜெமைமா சொன்ன இன்பக் கதைக்கு எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மறுமொழி அது. தன் பெயரை விட மறுத்துக் கசையடி படும் குண்டா கிண்டேயின் காட்சியைப் பல கோடி மக்கள் தத்தம் இல்லங்களில் கண்டனர். அங்கும் வெள்ளைப் பார்வையாளர்க்கு ஓர் ஆறுதல் வைக்கப்பட்டிருந்தது. அடிமைக் கப்பலின் தலைவன் மனச்சான்று உறுத்தும் நல்லவனாகப் படைக்கப்பட்டான். எனினும் ஆறுதலையும் மீறி உண்மை ஒலித்தது.

1984 முதல் 1992 வரை ஒளிபரப்பான ‘காஸ்பி ஷோ’வில் தந்தை மருத்துவர், தாய் வழக்கறிஞர். பல ஆண்டுகள் அதுவே நாட்டின் முதன்மை நிகழ்ச்சி. கறுப்பினச் சிறுவர் பலர் தம் வீட்டை அங்குக் கண்டு தலை நிமிர்ந்தனர். ஆனால் சுட் ஜாலி, ஜஸ்டின் லூயிஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 1992இல் வெளியிட்ட நூலில், வெள்ளைப் பார்வையாளர் பலர் இக்குடும்பத்தைக் காட்டி, நிறவேற்றுமை ஒழிந்துவிட்டது, இன்னும் வறுமையில் இருப்போர் தம் சோம்பலால் இருக்கின்றனர் என்று முடிவு கட்டியதை எடுத்துக்காட்டினர். நல்ல படிமமும் கெட்ட வாதத்திற்குச் சான்றாகலாம். பின்னாளில் காஸ்பியின் மேல் பெண்கள் பலர் பாலியல் குற்றம் சாட்டினர். 2018இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 2021இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஓர் இனத்தின் மானத்தை ஒரு தனிமனிதர் தோளில் ஏற்றிவைப்பதன் இடர் இதனாலும் விளங்கும். வெள்ளைக் கலைஞர் ஒருவர் தவறினால் அவர் ஒருவரே தவறியவர். கறுப்பினக் கலைஞர் தவறினாலோ இனமே கூண்டில் ஏற்றப்படும்.

அவ்வாறாயின் செம்மையான சித்திரிப்பு எது? 2013இல் வந்த சீரியோஸ் விளம்பரம் ஒன்றைச் சான்றாகச் சொல்லலாம். அத்தானிய உணவு இதயத்திற்கு நல்லதா என்று சிறுமி வெள்ளைத் தாயிடம் கேட்கிறாள். நல்லது என அறிந்ததும் ஓடிச்சென்று, உறங்கும் கறுப்பினத் தந்தையின் மார்பின்மேல் அவ்வுணவைக் கொட்டி வைக்கிறாள். அவ்வளவே கதை. அங்கே கோமாளி இல்லை, புனிதர் இல்லை. மகளின் அன்புக்குரிய ஒரு தந்தை மட்டுமே இருக்கிறார். அதற்கும் இணையத்தில் வசைமொழிகள் குவிந்து, கருத்துப் பகுதியை மூடவேண்டியதாயிற்று. நிறுவனம் பின்வாங்காது 2014இல் அதே குடும்பத்தை மீண்டும் காட்டியது. கோலின் காலத்து விளம்பரதாரர் அஞ்சிய இடத்தில் இவர்கள் அஞ்சாது நின்றது குறிப்பிடத்தக்க மாற்றம்.

இங்கே எஞ்சிய புன்னகை

இவ்வரலாறு கடல் கடந்த நாட்டினது என்று ஒதுக்கிவிட இயலாது. பற்பசைக் குழாய் இங்கேதான் இருந்தது. ‘டார்க்கி’ 1989இல் ‘டார்லி’ ஆயிற்று. முகமும் இனம் தெரியாதவாறு மாற்றப்பட்டது. ஆனால் ‘கறுப்பர் பற்பசை’ என்று பொருள்படும் சீனப்பெயர் அதன்பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 2022இல்தான் மாறியது. ஆங்கிலம் அறிந்தார் கண்ணுக்கு ஒரு பெயர், பிறர் கண்ணுக்கு வேறு பெயர்! நாணம் மொழிக்கு மொழி வேறுபடுமோ?

2017இல் மலேசியாவில் நோன்புப் பெருநாளையொட்டி வெளியான கடைத்தொகுதி விளம்பரம் ஒன்றில், இனிய குரலுடைய பெண்ணின் முகத்திரை விலக, கரி பூசிய முகத்தைக் கண்டு செல்வன் திடுக்கிடுகிறான். பின்னர் அக்கருமை நீங்கி வெண்மேனி தோன்றுகிறது. எதிர்ப்பு எழுந்ததும் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 2019இல் சிங்கப்பூரில், மின்பணம் பற்றிய விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவரே பல இனத்தவராகவும் வேடமிட்டார்; அவற்றுள் தோல் கருமையாக்கப்பட்ட இந்தியர் வேடமும் ஒன்று. அதற்கும் மன்னிப்புக் கேட்கப்பட்டது. அமெரிக்க மேடையில் தாமஸ் ரைஸ் பூசிய கரியை இந்தியர் தம் முகத்தின்மேல் உணர்ந்த நாள் அது.

அன்று நெஞ்சம் நொந்தவர், தம் வீட்டுத் திரையையும் சற்று நோக்குதல் நன்று. மாயோனின் கருமேனியைப் பாடிய மரபு தமிழ் மரபு. அம்மரபில் வந்த திரைப்படங்களிலேயே கருநிறப் பெண் நகைப்புக்குரியவளாக வந்து நின்றது எத்தனை முறை? முகத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறும் களிம்பு தமிழ் இல்லங்களில் விற்றது எத்தனை ஆண்டு? 1975இல் இந்தியாவில் தோன்றிய அத்தகைய களிம்பு ஒன்று தன் பெயரிலிருந்த வெண்மைச் சொல்லை நீக்கியதும் 2020இல்தான். பிறர் பூசிய கரியைக் கண்டு வெகுள்வோர், தாம் பூசும் வெண்மையைக் கண்டு வாளா இருத்தல் நடுவுநிலை ஆகாது.

வகுப்பறையின் கடன்

1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியல் அறிஞர் இணையர், கறுப்பினக் குழந்தைகள் முன் நிறம் மட்டுமே வேறுபட்ட பொம்மைகளை வைத்து, எது நல்லது என்று கேட்டனர். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். பின் உன்னைப் போன்றது எது என்று கேட்டபோது, சிலர் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடினர். அவ்வாய்வு, பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. படிமம் என்பது பொழுதுபோக்கு அன்று. ஒரு குழந்தை தன்னைத் தான் காணும் கண்ணாடி.

ஆதலின் மொழியாசிரியர் செய்யுளுக்கு நயம் காணப் பயிற்றுவது போலவே, விளம்பரத்திற்கும் பொருள் காணப் பயிற்றுதல் வேண்டும். அதற்கு மூன்று வினாக்கள் போதும். இவ்வுருவத்தைப் படைத்தவர் யார்? இதற்குப் பொருள் தந்தவர் யார்? இவ்வுருவத்திலிருந்து சரக்கையும் எசமானரையும் நீக்கிவிட்டால், இவருக்கென எஞ்சும் வாழ்வு யாது? ஜெமைமாவுக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. மகள் கொட்டிய தானியத்தை மார்பில் தாங்கி விழித்தெழும் தந்தைக்கோ ஒரு வீடும் ஒரு மகளும் எஞ்சுகின்றனர்.

திரையில் எத்தனை கரிய முகங்கள் தோன்றின என்று எண்ணுவது எளிது. அம்முகங்கள் சிரிப்பது தம் மகிழ்ச்சிக்கா, பிறர் விற்பனைக்கா என்று உணர்வதே அரிது. அதனை உணரக் கற்ற மாணவன், சிக்காகோ இடுகாட்டில் நூறு ஆண்டுகள் பெயரின்றிக் கிடந்த அம்மூதாட்டிக்கு இன்னொரு கல் நட்டவன் ஆவான்.